டாக்டர் நாகப்பனின் மூன்று பக்கம்

"பேர மட்டும் சொல்லுங்க சார். வேற எதுவும் நான் கேக்கல" என்றார் பேராசிரியர் தசரதன், மூன்றாவது தடவையாக.

செந்தமிழனின் கண்ணுக்குள் டாக்டர் நாகப்பன் வந்து போனார். நேரில் பார்த்ததில்லை, மெயிலில்தான் பழக்கம். ஆனாலும் அறுபது வயது, தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் இரண்டு பேனா என்று மனதுக்குள் ஓர் உருவம் பதிந்துவிட்டது.

"சொல்ல முடியாது சார்."

ஒரகடம் சாலையை ஒட்டிய அந்த இன்ஜினியரிங் கல்லூரி நடத்தும் ஆய்விதழுக்குச் செந்தமிழன் ஆசிரியர். வாரத்துக்குப் பதினெட்டு வகுப்பு எடுத்தபின் மிச்சமிருக்கும் உயிரைக் கொண்டு செய்கிற, சம்பளமில்லாத வேலை. வருகிற கட்டுரையை இரண்டு பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். அந்த இருவர் யார் என்பதை மட்டும் எவரிடமும் மூச்சுவிடக் கூடாது.

தசரதன் பக்கத்துக் கல்லூரியில் துறைத்தலைவர். அவருடைய கட்டுரை இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் பற்றியது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்கும், அதனால் கை உள்ளே மாட்டாது. ஒரு பட்டனே போதும், ஆபத்தில்லை, உற்பத்தியும் கூடும் என்று ஒரு தொழிற்சாலையில் எடுத்த ஆறு மாதப் புள்ளிவிவரத்தோடு அவர் நிரூபித்திருந்தார். அச்சில் வந்தால் அதைக் காட்டியே ஒரு பட்டனைக் கழற்றிவிட இரண்டு மூன்று தொழிற்சாலைகள் காத்திருந்தன.

வந்த இரண்டு கருத்தையும் பேர் இல்லாமல் செந்தமிழன் தசரதனுக்கு அனுப்பியிருந்தார். முதலாவது இரண்டே வரி: 'மிக அருமை. வெளியிடலாம்.'

இரண்டாவது நாகப்பன் எழுதியது, மூன்று பக்கம். 'ஆயுத பூஜை அன்று மூன்று ஷிஃப்டும் மெஷின் ஓடியதாக அட்டவணை சொல்கிறது. அன்று மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆகஸ்டில் இரண்டு பெண்களுக்கு விரல் போனது எந்த அட்டவணையிலும் இல்லை. இதை வெளியிட்டால் இனிப் போகும் விரல்களுக்கு நீங்களும் பொறுப்பு.'

"மொத ஆளப் பாருங்க, படிச்ச மனுஷன்! சப்ஜெக்ட் தெரிஞ்சவர்" என்று தசரதன் பின்னால் திரும்பி, பைலோடு நின்ற தன் ஆராய்ச்சி மாணவி பிரவீனாவைப் பார்த்துத் தலையாட்டினார். பக்கத்து ஊரான மண்ணூர்ப் பெண். டாக்டர் பட்டத்துக்கு அவருடைய கையெழுத்து ஒன்றுதான் அவளுக்குப் பாக்கி.

"இந்தப் பொண்ணு ஆறு மாசம் கம்பெனி பஸ்ல லேடீஸோட ஏறி எறங்கி டேட்டா எடுத்துட்டு வந்துது. இன்னொருத்தன் என்னடான்னா எல்லாம் பொய்யின்றான். எவனோ கம்பெனி ஆளுதான் சார். உள்ள பூந்து பாத்த மாதிரி எழுதியிருக்கான். பேர் தெரிஞ்சா போதும், ஒரே போன்ல அவன் சீட்டக் கிழிச்சிடுவேன்."

பிரவீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அலுப்பிலும் செந்தமிழனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. யாரிடம் கருத்துக் கேட்கலாம் என்று கட்டுரை அனுப்புகிறவர்களே ஒன்றிரண்டு பேரைச் சொல்வது வழக்கம். நாகப்பன் பேரைக் கொடுத்ததே தசரதன்தான். வேண்டியவர் என்று நம்பிக் கொடுத்திருப்பார், அந்த மனிதரோ நட்பாவது மண்ணாவது என்று கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார்.

அவர் யார், எங்கே வேலை பார்க்கிறார் என்று செந்தமிழன் விசாரித்திருக்க வேண்டும். அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த மூன்று பக்கத்தைப் படித்தபின் விசாரிக்கவும் தோன்றவில்லை, கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது.

"ஒங்க கரஸ்பாண்டென்ட் கிட்ட பேசிட்டுத்தான் வந்தேன்" தசரதனின் குரல் தணிந்தது. "பேர் சொல்ல வேணாம், விடுங்க. அந்த மூணு பக்கத்தத் தூக்கிக் குப்பைல போட்டுட்டு வேற ஒருத்தருக்கு அனுப்புங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

யாருக்கும் தெரியாதுதான். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். கரஸ்பாண்டென்டின் முகத்தில் நாளைக்கு விழிக்கவும் வேண்டாம். சொல்லித் தொலைக்கலாமா என்று செந்தமிழன் நிஜமாகவே யோசித்தார். பிறகு அந்தத் தடித்த கண்ணாடிக்காரரை நினைத்துக்கொண்டார்.

"கட்டுரைய நிராகரிச்சாச்சு சார். நாளைக்கு லெட்டர் வரும். கோவம்னா இந்தப் பொறுப்பப் புடுங்கிக்கச் சொல்லுங்க, சந்தோஷமாக் குடுத்துடறேன். பேர் மட்டும் வராது."

தசரதன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "பைல எடுத்துட்டு வாம்மா!" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

பிரவீனா மேசைமேல் கிடந்த காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அவசரமே படவில்லை.

"நாகப்பன் சாருக்காக ஒங்க பொறுப்பையே விடறேன்றீங்களே சார்."

செந்தமிழன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்தப் பேரை இந்த அறையில் அவர் உச்சரிக்கவே இல்லை. "ஒனக்கு யாரும்மா சொன்னது?"

வெளியே காரில் உட்கார்ந்து தசரதன் ஹாரன் அடித்தார். அவள் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நாகப்பன்னு யாரும் கெடையாது சார். மூணு பக்கமும் நான் எழுதனது. 'மிக அருமை'ன்னு எழுதிப் போடச் சொல்லி அந்த மெயில் ஐடியத் தொறந்து குடுத்ததே எங்க சார்தான். அந்த ரெண்டு வரிதான் நான் போட்டதுன்னு நெனச்சிட்டிருக்கார்."