ஒழுகும் இடம்

மூன்று தரம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியும் வாத்தியாரின் பழைய காருக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. மெக்கானிக் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

மாலையில் வாத்தியார் வந்தார்.

"சார், வண்டியில ஓட்டையே இல்லை. மழை பெஞ்சா பக்கத்து சீட்டு நனையுதுன்னீங்களே?"

வாத்தியார் அந்தப் பக்கத்து ஜன்னலையே பார்த்தார். "கண்ணாடி ரெண்டு விரல் இறங்கியிருந்ததே?"

"தண்ணி அடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஏத்திடறது பழக்கம் சார்."

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, மூச்சு முட்டுதுன்னு என் வீட்டுக்காரி இறக்கினது. அப்புறம் அவ திரும்பலை. அதைத் தொடாம ஈரத்தை நிறுத்தணும்னு சொல்லத்தான் நினைச்சேன். காலையில வாய் வரலை."

மெக்கானிக் பதறிப்போய்க் கைப்பிடியைச் சுற்றி, சரியாக இரண்டு விரல் இறக்கினார். "இவ்வளவுதானே சார்?"

"இவ்வளவுதான்," என்றார் வாத்தியார். "ஆனா இது நீங்க இறக்கினது. ஏத்திடுங்க. இனி ஒழுகாது."