வாரிசு என்ற கட்டம்

சொந்த விமானம் வைத்திருப்பவர், தான் பறக்கும் பாதையில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒருமுறை நேரில் போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்கினால்தான் காப்பீடு செல்லும். உப்பளத்து ஓரம் தனியாக வசிக்கும் அமலோற்பவத்தின் வீட்டுக்கு விமானக்காரன் செல்வினைத் தவிர யாரும் வருவதில்லை.

“இது நிரந்தரப் படிவம்க்கா. ஒரே கையெழுத்து. இனிமே மாசாமாசம் தொந்தரவு இல்ல.”

அவள் தேநீரை ஊற்றி வைத்துவிட்டு மெதுவாகப் படித்தாள்.

“விமானம் விழுந்து நான் செத்தா இழப்பீடு யாருக்குன்னு கேட்டிருக்கு. உன் பேரப் போடட்டா, தம்பி?”

“மேல விழப்போறதே நான்தானக்கா! சொந்தக்காரங்க பேரப் போடுங்க.”

பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே வெகுநேரம் நின்றது.

“காலியா விட்டா?”

“படிவம் செல்லாது. பழையபடி நான் மாசாமாசம் வரணும்.”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“டீ ஆறுது, குடி.”