சீன வேர்ப்பொடி

இடுப்பு மூட்டு வலியால் படுத்தே கிடந்த நாய்க்கு, வசுமதி சீன வேர்ப்பொடியைத் தயிர்சாதத்தில் பிசைந்து வைத்தாள். ஒரே கசப்பு. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து நாய் முழுவதையும் தின்று வாலை ஆட்டியது.

“வலி குறைஞ்சுதா?” என்றது ஜன்னலில் இருந்த பூனை.

“இல்ல. பாவம், என்னால அவளுக்குத் தூக்கமே இல்ல. அதான் ஆட்டினேன்.”

“நானா இருந்தா கிண்ணத்தைக் கவுத்திருப்பேன்.”

“நீ கவுப்ப. நீ பூனை.”

உள்ளே வசுமதி போனில் பேசினாள். “பொடி நல்லா கேக்குது டாக்டர், வாலை ஆட்டுறான். நாளைக்கு ஊசி வேண்டாம்.”

நாய் தலையைத் தூக்கியது. ஊசி போட்ட அன்றுதான் அதனால் கொஞ்சமாவது எழுந்து நடக்க முடிந்தது.

“இப்பவாவது முனகித் தொலைடா,” என்றது பூனை.

“முனகினா அழுவாளே.”

“முனகலைன்னா?”

வசுமதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “இன்னும் வலிக்குதாடா?”

நாய் வாலைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டது. முனகுவதற்காக வாயையும் திறந்தது. அவள் விரல்கள் காதுக்குப் பின்னால் மெல்லச் சொறிந்தன.

வால் தானாக வெளியே வந்து ஆடியது.