பத்தொன்பது பேருக்கு ஒருத்தி

பையன் உம்மு லைத்தின் தோளில் அனலாய்க் கொதித்துக் கிடந்தான். அவன் தலையையும் முகத்தையும் மூடியிருந்த ஈரத்துண்டைச் சரிசெய்தபடி, தொழிலாளர் அலுவலகத்தின் மாடிப்படியை மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"பிள்ளையைக் காட்டினா காரியம் நடக்கும்னு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் அதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்திருந்த ஸப்ரி. ஏழு மாதமாக அவளைத் திருப்பி அனுப்பிச் சலித்தவர்.

"அதிகாரியைப் பார்க்கணும், ஹாஜி."

"அபூ யஸன் கூட்டத்துல இருக்கார். தலைநகர் அம்மான்லேருந்து ஆளுங்க வந்திருக்காங்க. போனைக்கூட என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டார்." மேஜைமேல் அந்தப் போன் சத்தமில்லாமல் மின்னி அணைந்தது. "உன் மனு எங்கேயும் ஓடிடாது."

"ஓட வேணாம் ஹாஜி. நடந்தாப் போதும்."

ஸப்ரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவள் கேட்டது பெரிதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் காப்பகத்தில் அவளோடு இன்னொரு பெண், இருவருக்கும் வீடு நடத்தும்படியான சம்பளம். பத்தொன்பது பிள்ளைகளுக்கு இப்போது அவள் ஒருத்தி. தொழும்போதுகூட இடுப்பில் ஒன்று இருக்கும்.

"நீ இங்க வந்துட்டா அந்தப் பத்தொன்பதையும் யாரு பார்ப்பா?"

"பதினெட்டு. சமையல்காரம்மா அடுப்பை அணைச்சுட்டுப் பார்க்கிறாங்க."

"அது நியாயமா?"

"அதைத்தானே மனுவுல எழுதியிருக்கேன்."

பையன் முனகினான். ஸப்ரிக்கு மனம் கேட்கவில்லை. தன் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

"உன் பையன் லைத்துக்குக் குடு, பாவம். காய்ச்சல்காரப் பிள்ளையை ஒரு மனுவுக்காகத் தூக்கிட்டு அலையலாமா? எங்க அபூ யஸனைப் பாரு. யஸன் ஒரு தும்மல் போட்டா, அந்த அப்பன் ஆபீஸையே விட்டுட்டு ஓடுவார்."

அவள் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பையனின் உதட்டை நனைத்தாள்.

"என் லைத் வீட்டுல இருக்கான், ஹாஜி. நான் இன்னிக்கு மனுவுக்காக வரல. இந்தப் போனுக்குத்தான் காலையிலேருந்து பதினொரு தடவை அடிச்சோம்."

அவள் துண்டை விலக்கினாள்.

"யஸன் வந்திருக்கான்னு உள்ளே சொல்லுங்க."