கொசுறுக்கு ஓர் ஆள்

தாமரைநகர் கூட்டுறவுப் பண்டகசாலைக் கூட்டத்தில் இப்போதெல்லாம் யாரும் கையைத் தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. உறுப்பினர்களின் மணிக்கட்டில் கட்டிய பட்டையே நாடி பிடித்துப் பார்த்துவிடும். மனசுக்குப் பிடித்தால் திரை பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு.

தலைவி தெய்வானை ஜெயித்துவிடும் தெம்போடு வந்திருந்தாள். காய்கறி நிறுக்கும் இயந்திரக் கையை மேடையேற்றினாள்.

“ஒரு கிராம் பிசகாது. இனிமே கொசுறு கிடையாது. கடைக்கு நாமதான் முதலாளி. நமக்கு நாமே எதுக்குக் கொசுறு? அதை மிச்சம் புடிச்சா விலையைக் குறைக்கலாம்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். திரை பச்சையாகவே இருந்தது.

இயந்திரக் கை தக்காளியை நிறுத்துப் பையில் போட்டது. பிறகு சும்மா நின்றது. மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூட விழவில்லை.

திரை முழுக்கச் சிவந்தது. அதிகமாகத் துடித்த நாடி யாருடையது என்றும் காட்டியது: தெய்வானை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் அசரவில்லை.

“சரி, கொசுறு இருந்துட்டுப் போகட்டும்!”

“எத்தனை கிராம்?” என்றது இயந்திரம்.

“அளந்து போட்டா அது கொசுறாய்யா?”

அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆள் வைப்பதென்று முடிவானது. மறுநாள் காலை கறிவேப்பிலைக் கூடையோடு தெய்வானையே வந்து உட்கார்ந்தாள். முதல் ஆளாக, கடையின் பொருளாளர் இருதயராஜ் பையை விரித்தார். அள்ளிப் போட்டாள்.

“இன்னுங் கொஞ்சம் போடுங்கக்கா.”

“பொருளாளரே, நம்ம காசுதான் போகுது!”

“போனாப் போகுது. போடுங்கக்கா.”