கடைசி மாத்திரையும் உலர்ந்த திராட்சையும்

கண்ணாடிப் புட்டியில் மிஞ்சியிருந்த கடைசி மாத்திரைக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. முகச் சுருக்கம் போக வேண்டும் என்று மரகதவல்லி வாங்கிய அறுபதில் ஐம்பத்தொன்பது உள்ளே போய்விட்டன. ஒவ்வொன்றையும் விழுங்கிவிட்டு அவள் எவர்சில்வர் தட்டைத் தூக்கி அதில் முகத்தைப் பார்ப்பாள். பிறகு தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

புட்டி இருந்த சமையலறை அலமாரியிலேயே, பக்கத்து டப்பாவில், ஓர் உலர்ந்த திராட்சை இருந்தது.

"உனக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?" என்று ஒருநாள் திராட்சை கேட்டது.

"ஆன்டி-ஆக்சிடன்ட்," என்றது மாத்திரை. "திராட்சையில இருந்து எடுத்தது. உள்ள போனா தோல் சுருங்காது. உனக்கெல்லாம் இது புரியாது."

"அது எனக்குள்ளயும் இருக்கே," என்றது திராட்சை. "பிறந்ததுல இருந்து இருக்கு."

மாத்திரை அதன் சுருங்கிய முகத்தை மேலும் கீழும் பார்த்தது.

மறுநாள் மரகதவல்லி பாயசம் வைத்தாள். திராட்சையை எடுத்துக் காய்ந்த நெய்யில் போட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் அது உப்பி, உருண்டு, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பளபளத்தது. மரகதவல்லியே கையில் கரண்டியோடு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாத்திரை புட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, முதல்முறையாக மரியாதையாகக் கேட்டது.

"ஐயா, நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"நான் எதுவும் சாப்பிடலப்பா," என்றது திராட்சை, நெய்யில் புரண்டபடியே. "என்னைத்தான் சாப்பிடப் போறாங்க."