இலவச வகுப்புக்கு நுழைவுச் சோதனை

“இலவச வகுப்புக்கு நுழைவுச் சோதினையோ? வெக்கமில்லையோ பிள்ளை உங்களுக்கு?”

ஞானேந்திரன் வாசலிலேயே ஆர்த்திகாவைப் பிடித்துக்கொண்டார். மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் அந்த மண்டபம் அவருடையது. படிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று இந்த இளைஞர் குழு வந்து கேட்டபோது, வாடகையே வேண்டாம் என்று திறப்புச் சாவியைக் கொடுத்தவர்.

இன்றைக்கு வந்து பார்த்தால் வாசல் தாண்டிப் பனிக்குள் வரிசை! பென்சிலும் கையுமாகப் பிள்ளைகள், பிள்ளைகளைவிடப் பதற்றமாக அம்மா அப்பாக்கள். நகரின் மறுகோடியான மொன்ட்ரியால்-நோரிலிருந்துகூட பஸ் மாறி வந்திருந்தார்கள்.

“கொஞ்சம் பொறுங்கோ அங்கிள். முதல் குழு எழுதி முடிச்சிட்டுது, முடிவு சொல்லப்போறம்,” என்றாள் ஆர்த்திகா. பல்கலைக்கழக மாணவி; இளைஞர் குழுவை நடத்துகிறவள். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“கெட்டிக்காரரைப் பொறுக்கி எடுக்கவோ நான் மண்டபம் தந்தனான்? திறப்பைத் தா!”

அந்த நேரம் பார்த்து ஒரு பையன் விசும்பிக்கொண்டு வெளியே வந்தான்.

“ஏன் தம்பி அழுறாய்?”

“கணக்கு ஒண்டும் விளங்கேல்லை. பேர் மட்டும்தான் எழுதினனான். அம்மா ஏசப்போறா.”

ஞானேந்திரன் அவனைத் தோளில் பிடித்து ஆர்த்திகாவுக்கு முன்னால் நிறுத்தினார். “பார்! இந்தப் பிள்ளைக்குத்தானே வகுப்பு! இவனைத் திருப்பி அனுப்பினியளெண்டால் இண்டையோட மண்டபத்துக்குப் பூட்டு!”

ஆர்த்திகா ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அதில் ஏறி நின்று பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினாள்.

“ஜெனாட், பாஸ்!”

பையன் அழுகையை மறந்து வாயைப் பிளந்தான். அவனுடைய அம்மா றொசானா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிடம் போன் காதில்.

“அக்கா, என்ர பெடியன் எடுபட்டிட்டான்! கர்க்லாண்டில இருந்து உங்கட பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, எடுபடுகினமோ பாப்பம்!”

மண்டபமே கைதட்டியது.

ஞானேந்திரன் ஆர்த்திகாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அவன் பேர் மட்டும்தானே எழுதினவன். எப்பிடிப் பாஸ்?”

“அங்கிள், தொடங்கேக்க வீடு வீடாப் போய், ‘படிப்பில பின்தங்கின பிள்ளையளுக்கு உதவி செய்யிறம்’ எண்டு சொன்னனாங்கள். ‘என்ர பிள்ளை என்ன மொக்கோ?’ எண்டு கதவைச் சாத்திப்போட்டினம். றொசானா அன்ரியும்தான். சனிக்கிழமையில நாங்களும் வெறும் கதிரையளும்தான் இருந்தனாங்கள்.”

“அதுக்கு?”

ஆர்த்திகா குரலைத் தாழ்த்தினாள். “சோதினை எண்டு சொன்ன பிறகுதான் இவ்வளவு சனம். ஆருக்கு எது விளங்கேல்லை எண்டு பாக்கத்தான் அந்தப் பேப்பர். இதுவரைக்கும் ஒருத்தரையும் நாங்கள் பெயிலாக்கேல்லை.”

ஞானேந்திரன் வாசலுக்குப் போனார். வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“அடுத்த கிழமைச் சோதினை இதைவிடக் கஷ்டம், சொல்லிப்போட்டன்! எல்லாரும் எடுபடேலாது!”